சொன்னது ஏன் மறந்துபோச்சு? – ஒரு கோளாறு பெயர் மாறிய கதை

கடைக்குப் போய் கால் கிலோ துவரம்பருப்பு, நூறு கிராம் கடுகு, ரெண்டு தேங்காய், ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கி வரச் சொல்கிறார்கள். பத்து வயசுப் பையன் "சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு ஓடுகிறான். திரும்பி வரும்போது கையில் ஒரே ஒரு தேங்காய். கூடவே யாரும் கேட்காத ஒரு பிஸ்கட் பாக்கெட். "கவனத்த எங்கடா வச்ச?" என்று ஒரு அதட்டல், முதுகில் ஒன்று. கம்பத்தில் மட்டுமில்லை, எந்த ஊரிலும் எந்த வீட்டிலும் நடக்கிற விஷயம்தான்.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தவறு எங்கே நடந்தது? காதிலேயே விழவில்லையா? விழுந்தது மனசில் நிற்கவில்லையா? நின்றதை வழியில் பார்த்த வேறு ஏதோ ஒன்று தள்ளிவிட்டதா? அல்லது பயலுக்குத் திமிரா? இந்த ஒரு கேள்விக்கு உலகம் இருநூறு வருஷமாக வேறு வேறு பதில்கள் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறது. எந்தப் பதிலை நம்பினார்களோ, அதற்கு ஏற்றபடி அந்தப் பையனுக்கு அடியோ, மாத்திரையோ, பயிற்சி வகுப்போ கிடைத்தது. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். நான் பி.காம். படிப்பவன், டாக்டர் இல்லை. யாருக்கும் வைத்தியம் சொல்கிற எண்ணமும் இல்லை. வரலாறு மட்டும்தான்.

இரண்டு வார்த்தைகளை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஒன்று ஏ.டி.ஹெச்.டி. கவனக்குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு. துறுதுறுப்பு இல்லாமல் வெறும் கவனக்குறைவாக மட்டுமே இருப்பவர்களும் உண்டு. இன்னொன்று 'வொர்க்கிங் மெமரி'. தமிழில் 'செயல்நினைவு' என்று வைத்துக்கொள்கிறேன். இதற்குப் புத்தக விளக்கத்தை விட எங்க ஊர் விளக்கம் சுலபம்.

கமிஷன் கடையில் ஏலம் விடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். யாருடைய சரக்கு, எத்தனை பெட்டி, கடைசியாகக் கேட்ட விலை என்ன, கேட்டது யார் என்று நாலு விஷயத்தையும் தலையில் வைத்துக்கொண்டே அடுத்த விலையைக் கூவுகிறார். ஏலம் முடிந்ததும் கணக்குப்பிள்ளையிடம் சொல்லி எழுதவைத்துவிட்டு, தலையைக் காலி பண்ணிக்கொண்டு அடுத்த குவியலுக்குப் போய்விடுகிறார். அந்த நாலு விஷயமும் கொஞ்ச நேரம் தங்கியிருந்த இடம்தான் செயல்நினைவு. வருஷக்கணக்கில் தங்குவதெல்லாம் பேரேடு, அது வேறு. இது கல்லாப் பக்கத்தில் கிடக்கிற துண்டுச்சீட்டு. ரொம்பச் சின்னச் சீட்டு. குறித்துக்கொள்வது மட்டுமில்லாமல் கூட்டுவது, அடிப்பது, திருத்துவது எல்லாமே அதிலேயேதான் நடந்தாக வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டால் சீட்டு பறந்துவிடும்.

ஏ.டி.ஹெச்.டி. என்ற பெயரில் 'ஞாபகம்' என்ற வார்த்தையே கிடையாது. ஆனால் கடந்த சுமார் முப்பது வருஷமாக இந்தக் கோளாறைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தத் துண்டுச்சீட்டைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். எப்படி அங்கே வந்து சேர்ந்தார்கள்?

நம்ம பக்கத்திலிருந்தே தொடங்குவோம். 1822-ல் சென்னை கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, ராஜதானியில் எத்தனை பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன என்று எல்லா கலெக்டர்களிடமும் கணக்குக் கேட்டார். (அப்போது எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு மதுரை ஜில்லாவில்.) 1826-ல் அவர் எழுதிய குறிப்பின்படி 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். பெரும்பாலும் திண்ணைப் பள்ளிக்கூடங்கள். இந்தக் கணக்கில் பெல்லாரி கலெக்டர் ஏ.டி. காம்ப்பெல் 1823-ல் அனுப்பிய அறிக்கை படிக்கச் சுவாரசியமானது. வெறும் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், வகுப்பு எப்படி நடந்தது என்றே எழுதியிருக்கிறார். காலையில் முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதுவார்களாம். இரண்டாவது வருபவனுக்கு ஒரு சுழி. பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. மூன்றாவது ஆளுக்கு லேசாக ஒரு அடி, நான்காவது ஆளுக்கு இரண்டு, இப்படியே ஏறிக்கொண்டு போகும். கடைசியாக வருகிறவன் கதியை நினைத்துப் பாருங்கள்! சோம்பேறி என்று முடிவு கட்டப்பட்டவனுக்குப் பிரம்படி, கையைக் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவது, விடாமல் மண்டியிட்டு மண்டியிட்டு எழுந்திருக்க வைப்பது. (இந்தக் கடைசி தண்டனைக்கு நெருங்கிய சொந்தக்காரரான தோப்புக்கரணம், பிற்காலத்தில் 'சூப்பர் பிரெய்ன் யோகா' என்று பெயர் மாறி, மூளைக்கு நல்லது என்று வெளிநாட்டிலேயே விற்பனையானது. காலம் செய்த கோலம்!)

திண்ணைப் பள்ளியின் உயிரே ஞாபகம்தான். எண்சுவடி முழுக்க மனப்பாடம். பின்ன வாய்ப்பாடு, நெல் அளவு, நிலக் கணக்கு எல்லாம் வாயில் இருக்க வேண்டும். உ.வே. சாமிநாதையர் தன் சிறுவயதுப் பள்ளியைப் பற்றி 'என் சரித்திரம்' நூலில் எழுதியிருக்கிறார். அதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. மாலையில் பள்ளி முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும்போது, உபாத்தியாயர் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஒரு மிருகத்தின் பெயர் என்று சொல்லி அனுப்புவார். மறக்காமல் அடுத்த நாள் வந்து சொல்ல வேண்டும். இது பத்தொன்பதாம் நூற்றாண்டில், தமிழ்நாட்டுக் கிராமத்தில், எந்தச் சோதனைச்சாலையும் இல்லாமல் நடந்த ஞாபகப் பரீட்சை.

இதையெல்லாம் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பள்ளிகளில் யார் உட்கார முடிந்தது, யார் தெருவிலேயே நிற்க வேண்டியிருந்தது என்பது தனிக் கதை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மணலில் விரலால் எழுதி, வாயால் சொல்லி, காதால் கேட்டு, பத்துப் பேரோடு சேர்ந்து கத்திப் படித்தார்கள். ஒருவன் நடுவில் விட்டாலும் பக்கத்துக் குரல் இழுத்துக்கொண்டு போய்விடும். துண்டுச்சீட்டின் பாரத்தில் பாதியை மணலும் கூட்டமும் சுமந்தன. அதையும் மீறிப் பின்தங்கியவனுக்கு மட்டும் ஒரே கணக்குத் தலைப்புதான் இருந்தது: சோம்பேறி. அந்தத் தலைப்பில் பற்று எழுதிவிட்டால் செலவு பிரம்பு மட்டுமே.

இந்த ஞாபகக் கலாசாரத்தின் உச்சியில் இருந்தவர்கள் அவதானிகள். அவதானம் என்றாலே கவனம் என்றுதான் அர்த்தம். இலங்கைத் தமிழர்கள் இன்றைக்கும் "அவதானமா போ" என்றுதான் சொல்கிறார்கள். தமிழில் 'கவனகம்' என்றும் சொல்வார்கள். ஒரே சமயத்தில் எட்டு வேலைகளில் கவனம் வைத்தால் அட்டாவதானம், நூறு என்றால் சதாவதானம். முதுகில் ஒருவர் சின்னக் கல்லை எறிந்துகொண்டிருப்பார், இன்னொருவர் மணியை அடிப்பார், ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார், ஒருவர் கணக்குப் போடுவார். கடைசியில் விழுந்த கல் எத்தனை, அடித்த மணி எத்தனை என்பது வரை சரியாகச் சொல்லியாக வேண்டும். 'விநோதரச மஞ்சரி' எழுதிய வீராசாமிச் செட்டியார் ஒரு அட்டாவதானி. திரு.வி.க.வின் ஆசிரியரான யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை சதாவதானி. எல்லோரையும் விடப் பெயர் பெற்றவர் நாகர்கோவில் இடலாக்குடியில் 1874-ல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர். 1907 மார்ச் 10-ம் தேதி சென்னை விக்டோரியா ஹாலில், சபை நிறைந்த அறிஞர்கள் முன்னிலையில் சதாவதானம் செய்து காட்டினார். 2008-ல் அவருக்குத் தபால்தலையும் வந்தது. (அருட்பா–மருட்பா சண்டையில் இந்த இரண்டு சதாவதானிகளும் எதிரெதிர் அணி. வள்ளலார் பக்கம் நின்றவர் பாவலர். அந்தக் கதை இன்னொரு நாள்.)

பாவலரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்ப வருவார்.

விக்டோரியா ஹால் நிகழ்ச்சிக்கு ஐந்து வருஷம் முன்னால், 1902-ல், லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸில் மூன்று சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். புத்தி மந்தமில்லாத, ஆனால் சொன்ன பேச்சு கேட்காத, நினைத்தவுடன் செய்துவிடுகிற குழந்தைகளைப் பற்றி. அவர்களில் ஒரு ஆறு வயசுப் பையன் விளையாட்டில்கூட ரொம்ப நேரம் கவனம் வைக்க முடியாதவன் என்று குறிப்பிடுகிறார். கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. ஆனால் அவர் வைத்த பெயர் 'ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை'. அவர் பார்த்த பிள்ளைகள் எல்லோருக்கும் இன்று ஏ.டி.ஹெச்.டி. என்று சொல்வார்களா என்பதில் வரலாற்று ஆசிரியர்களுக்குச் சந்தேகம் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. லண்டன் டாக்டரும் பெல்லாரித் திண்ணை வாத்தியாரும் கிட்டத்தட்ட ஒரே தலைப்பில்தான் கணக்கு எழுதினார்கள். ஒழுக்கம்! ஸ்டில் ஒரு படி மேலே போய், இது அந்தக் குழந்தையின் மனசு வைத்துச் செய்கிற காரியமில்லை, உடம்பில் காரணம் இருக்கலாம் என்று சொன்னார். அது பெரிய விஷயம்தான்.

அதற்குப் பிறகு பெயர்கள் வேகமாக மாறுகின்றன. முதல் உலகப் போர் சமயத்தில் மூளைக்காய்ச்சல் கொள்ளைநோய் ஒன்று பரவியது. பிழைத்த குழந்தைகளில் சிலர் அடங்காதவர்களாக மாறினார்கள். உடனே, அடங்காத குழந்தை என்றாலே மூளையில் காயம் இருக்கும் என்று ஒரு எண்ணம் வந்துவிட்டது. காயத்தைத் தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. சரி, 'மிகச்சிறிய மூளைச் சேதம்' என்றார்கள். அதையும் காட்ட முடியாமல் 1960-களில் 'மிகச்சிறிய மூளைச் செயல்குறை' என்று மாற்றினார்கள். கணக்கு டேலி ஆகாவிட்டால் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் போடுவோமே, அந்த மாதிரி :)

இதற்கு நடுவில் 1937-ல் நடந்த ஒரு தற்செயல் கதையையே திருப்பிவிட்டது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற டாக்டர் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றை நடத்திவந்தார். மூளையை எக்ஸ்ரே எடுக்க அப்போது ஒரு கொடூரமான முறை இருந்தது. முதுகுத்தண்டு நீரை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்துவார்கள். தலைவலி உயிர் போகும். அந்தத் தலைவலிக்காக பென்செட்ரின் என்ற ஊக்கமருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்து பாடம் படிக்க ஆரம்பித்தார்கள்! 30 குழந்தைகளுக்கு ஒரு வாரம் கொடுத்ததில் சுமார் பாதிப் பேர் பள்ளி வேலையில் சட்டென்று முன்னேறினார்கள். ஊக்கமருந்து சாப்பிட்டால் இன்னும் ஆட்டம் போட வேண்டாமா? யாருக்கும் புரியவில்லை. பிள்ளைகளே அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: கணக்கு மாத்திரை.

அந்தப் பெயரில் விடை ஒளிந்திருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. கணக்கு என்பது துண்டுச்சீட்டின் வேலை. 47-ஐயும் 38-ஐயும் மனசில் கூட்டும்போது 'கையில் ஒன்று' என்று வைத்துக்கொள்கிறோமே, அந்தக் 'கை' எது? செயல்நினைவுதான். பிள்ளைகளுக்குத் தெரிந்தது டாக்டர்களுக்குப் புரிய நாற்பது, ஐம்பது வருஷம் ஆனது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1968-ல் இந்தக் கோளாறுக்குத் துறுதுறுப்பை வைத்துப் பெயர் வைத்தார்கள். ஓடுகிற, குதிக்கிற பையன் மட்டும் கண்ணில் பட்டான். கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் வர்ஜீனியா டக்ளஸ், 1972-ல் வெளியான கட்டுரையில், ஓட்டத்தை விடுங்கள், கவனத்தைத் தக்கவைக்க முடியாததும் நினைத்ததும் செய்துவிடுவதும்தான் முக்கியம் என்றார். 1980 பதிப்பில் பெயர் 'கவனக்குறைவுக் கோளாறு' ஆனது. அப்போதுதான் துறுதுறுப்பே இல்லாத, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் கணக்கில் ஒரு வரி கிடைத்தது. அதில் பெண்பிள்ளைகள் நிறைய. 1987-ல் இன்று புழங்கும் ஏ.டி.ஹெச்.டி. என்ற பெயர். 2013 பதிப்பில், அறிகுறிகள் ஏழு வயதுக்குள் தெரிய வேண்டும் என்று இருந்ததைப் பன்னிரண்டு என்று தளர்த்தினார்கள்.

இது ஒரு ஆறு. இன்னொரு ஆறு தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

1887-ல் ஜோசஃப் ஜேக்கப்ஸ் என்பவர் லண்டன் பள்ளி மாணவிகளிடம் எண்களை வரிசையாகச் சொல்லி, அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னார். எத்தனை எண் வரை தாங்குகிறது என்று அளந்தார். வயது ஏற ஏற எண்ணிக்கையும் ஏறியது. (இதே ஜேக்கப்ஸ்தான் 1892-ல் 'இந்தியன் ஃபேரி டேல்ஸ்' தொகுத்தவர். அறிவியலை விட்டுவிட்டு நாட்டுப்புறக் கதைகளுக்குப் போய்விட்டார், பாக்கியசாலி.) 1956-ல் ஜார்ஜ் மில்லர், ஒரு சமயத்தில் மனசு தாங்குவது ஏழு, கூட்டினாலும் குறைத்தாலும் இரண்டு என்றார். எண்ணோ எழுத்தோ, சேர்த்துக் கட்டிய மூட்டையாக ஏழு. பின்னால் 2001-ல் நெல்சன் கோவன், மூட்டை கட்ட வழியில்லாத இடத்தில் நாலுதான் தாங்கும் என்றார். மேலே சொன்ன கடைச் சாமான் பட்டியலை எண்ணிப் பாருங்கள். நாலு சாமான், ஒவ்வொன்றுக்கும் ஒரு அளவு. மொத்தம் எட்டு. பெரியவர்களுக்கே இழுபறிதான்.

1974-ல் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் இந்தச் சீட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். வாய்க்குள் முணுமுணுத்து வார்த்தையை உயிரோடு வைத்திருக்கும் ஒரு பகுதி. இடத்தையும் உருவத்தையும் மனக்கண்ணில் வைத்திருக்கும் ஒரு பலகை. இரண்டையும் மேய்க்கும் மேனேஜர் ஒருவர். எதைக் கவனிப்பது, எதை விடுவது என்று தீர்மானிப்பது மேனேஜர் வேலை. இங்கேதான் கவனமும் ஞாபகமும் ஒரே நாற்காலியில் உட்காருகின்றன.

குரங்குகளை வைத்து இன்னொரு பக்கம் வேலை நடந்தது. 1930-களில் யேல் பல்கலைக்கழகத்தில் கார்லைல் ஜேக்கப்சன், குரங்கின் கண் முன்னால் இரண்டு கிண்ணங்களில் ஒன்றுக்கு அடியில் தீனியை வைத்து, திரையை இறக்கி, சில விநாடி கழித்துத் திறந்தார். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியை இழந்த குரங்கால் எந்தக் கிண்ணம் என்று சொல்ல முடியவில்லை. பார்க்க முடிகிறது, எடுக்க முடிகிறது, அந்தச் சில விநாடியைத்தான் தாண்ட முடியவில்லை. 1979-ல் புரோசோஸ்கி, பட்ரீஷியா கோல்ட்மன் குழுவினர், அந்தப் பகுதியை வெட்ட வேண்டாம், அங்கே டோபமின் என்ற ரசாயனத்தை மட்டும் வற்றச் செய்தாலே அதே கதிதான் என்று காட்டினார்கள். டோபமின் வேலையைச் செய்யும் மருந்தைக் கொடுத்தால் குரங்கு ஓரளவு தேறியது. பிராட்லியின் மாத்திரையும், பின்னால் வந்த மெதில்பெனிடேட்டும் கைவைப்பது இதே டோபமின் மேல்தான். 'கணக்கு மாத்திரை' என்ற பெயருக்கு விளக்கம் கிடைத்துவிட்டது!

1997-ல் ரஸ்ஸல் பார்க்லி இரண்டு ஆறுகளையும் சேர்த்தார். ஏ.டி.ஹெச்.டி.யின் வேர், தன்னை நிறுத்திக்கொள்ள முடியாதது. நிறுத்த முடியாததால் செயல்நினைவும் கெடுகிறது என்பது அவர் கட்சி. 2005-ல் மார்ட்டினுசென் குழுவினர் 26 ஆய்வுகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்ததில், ஏ.டி.ஹெச்.டி. பிள்ளைகளுக்குச் செயல்நினைவு குறைவு என்பது தெளிவாகத் தெரிந்தது. வார்த்தையை விட இடம், உருவம் சார்ந்த நினைவில் குறை அதிகம். ஃப்ளோரிடாவில் மார்க் ராப்போர்ட் இன்னும் ஒரு படி போய் பார்க்லியைத் தலைகீழாக்கினார். செயல்நினைவுக் குறைதான் அடிப்படை என்றார் அவர். 2009-ல் அவர் குழு காட்டிய ஒரு விஷயம்: ஞாபகச் சுமையை ஏற்றும்போது இந்தப் பிள்ளைகள் கூடுதலாக அசைகிறார்கள். கணக்குப் போடும்போது காலை ஆட்டுகிற பையன், முழித்திருப்பதற்காக ஆட்டுகிறான் போலிருக்கிறது. "காலை ஆட்டாதடா" என்று நாம் அதட்டுவது அவனுக்கு உதவியா உபத்திரவமா?

இப்போது ஒரு எச்சரிக்கை. 'ஏ.டி.ஹெச்.டி. என்றால் ஞாபகக் குறை' என்று கணக்கை மூடிவிட முடியாது. இந்தக் கோளாறு உள்ளவர்களில் செயல்நினைவு நன்றாகவே இருப்பவர்களும் உண்டு. அதே மாதிரி செயல்நினைவு குறைந்த எல்லோருக்கும் ஏ.டி.ஹெச்.டி. கிடையாது. இங்கிலாந்தில் ட்ரேசி அலோவே, சூசன் கேத்தர்கோல் குழு 3000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்து, செயல்நினைவு ரொம்பக் குறைந்தவர்களைத் தனியாகப் பார்த்தது. அவர்களைப் பற்றி ஆசிரியர்கள் சொன்னது "கவனம் சிதறுகிறது" என்று. "ஞாபகம் குறைவு" என்று அல்ல. ஆக வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது. மூன்று கட்டளையை ஒரே மூச்சில் சொன்னால் அவன் முதலாவதை மட்டும் செய்துவிட்டு நிற்பான். பார்க்கிறவருக்கு அது திமிர்.

சரி, சீட்டு சின்னது என்றால் பெரிசாக்கிவிட வேண்டியதுதானே? அங்கேதான் வியாபாரம் நுழைந்தது. ஸ்வீடனில் டார்கெல் க்ளிங்பெர்க் 2002-ல் கம்ப்யூட்டர் பயிற்சியால் இந்தப் பிள்ளைகளின் செயல்நினைவு கூடுகிறது என்று எழுதினார். அது காக்மெட் என்ற கம்பெனியாகி உலகமெங்கும் விலைபோனது. 2013-ல் மோனிகா மெல்பி-லெர்வாக், சார்லஸ் ஹ்யூம் இருவரும் இந்த மாதிரிப் பயிற்சி ஆய்வுகள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தார்கள். பயிற்சி செய்த விளையாட்டில் பிள்ளைகள் கெட்டிக்காரர்களாகிறார்கள். ஆனால் படிப்பிலோ கணக்கிலோ கவனத்திலோ அது போய்ச் சேரவில்லை.

இப்போது பாவலரைக் கூப்பிடுவோம். நூறு விஷயத்தை ஒரே நேரத்தில் தாங்கியவருக்குத் துண்டுச்சீட்டு அவ்வளவு பெரிசா? அமெரிக்காவில் 1980-ல் வெளியான எரிக்சன், சேஸ் ஆய்வு இதற்கு வெளிச்சம் காட்டுகிறது. சாதாரண கல்லூரி மாணவர் ஒருவர், ஓட்டப்பந்தய வீரர். 200 மணி நேரத்துக்கும் மேலான பயிற்சியில் ஏழு எண்ணிலிருந்து 79 எண் வரை திருப்பிச் சொல்லும் அளவுக்குப் போனார். எண்களை ஓட்டப்பந்தய நேரங்களாக மாற்றி, ஏற்கெனவே தலையில் இருந்த பேரேட்டில் பதிந்துகொண்டதுதான் தந்திரம். எண்ணை விட்டு எழுத்தைக் கொடுத்தபோது பழையபடி ஆறுக்கு வந்துவிட்டார். சீட்டு அதே அளவுதான்!

அவதானிகளை யாரும் அந்த முறையில் சோதித்துக் காட்டவில்லை என்றாலும், யாப்பும் இலக்கணமும் ஆயிரக்கணக்கான பாட்டும் மனப்பாடமாகக் கொண்ட ஒருவர் வெண்பா கட்டுவதும் இதே வகைதான் என்பது என் கருத்து. அது பல வருஷத் தமிழ்ப் படிப்பின் பலன். அதைக் காட்டி, "அவரால முடிஞ்சது உன்னால ஏன் முடியல" என்று ஒரு மறதிக்காரப் பையனைக் கேட்பதில் நியாயமே இல்லை. 'மெமரி பவர் கிளாஸ்' நோட்டீஸ்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த 79-ம் ஆறும் ஞாபகம் வரும். நாள்கூலிக்குப் போகிற வீட்டில் அந்த ஃபீஸ் சின்னத் தொகையில்லை.

தமிழ்நாட்டு நிலவரம் என்ன? கோயம்புத்தூர் மாவட்டத்தில் நாலு பள்ளிகளில், 6 முதல் 11 வயது வரையான 770 பிள்ளைகளிடம் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வு ஒன்று, 11.32 சதவீதம் பேருக்கு ஏ.டி.ஹெச்.டி. என்றது. உலக அளவில் 2007-ல் போலன்சிக் குழு கூட்டிப் பார்த்த கணக்கு 5 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். நாலு பள்ளியை வைத்து மாநிலம் முழுக்கக் கணக்குப் போடக் கூடாது. ஆனாலும் பத்தில் ஒரு பிள்ளை என்பதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும், நாற்பது பேர் வகுப்பில் இரண்டு பேர். அந்த இரண்டு பேர் யார் என்று நம் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லத் தெரியும். கடைசி பெஞ்சில்தான் இருந்தார்கள்.

அடிக்கு 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை போட்டது. 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டத்தில், பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வந்து பிள்ளைகளைப் பார்க்கும் மருத்துவக் குழு தேட வேண்டிய குறைகளின் பட்டியலில் ஏ.டி.ஹெச்.டி.யும் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் மாவட்ட மையத்துக்கு அனுப்ப வேண்டும். கண், பல், இருதயம் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கிற குழு, அமைதியாக ஜன்னல் பக்கம் பார்க்கிற பிள்ளையை எப்படிக் கண்டுபிடிக்கும்? வருஷம் முழுக்கக் கூட இருக்கிற ஆசிரியர் சொன்னால்தான் உண்டு.

அவர் கண்டுபிடித்த பிறகு செய்யக்கூடிய சில காரியங்களைக் கேத்தர்கோலும் அலோவேயும் ஆசிரியர்களுக்காகவே எழுதி வைத்திருக்கிறார்கள். கட்டளையை உடைத்து ஒவ்வொன்றாகச் சொல்வது, போர்டில் எழுதி அழிக்காமல் விடுவது, வாய்ப்பாட்டு அட்டையைக் கையில் கொடுத்துவிடுவது, என்ன சொன்னேன் என்று பிள்ளையையே திருப்பிச் சொல்லவைப்பது. மணலும் கூட்டுக் குரலும் திண்ணையில் செய்த வேலைக்கு இது ரொம்பத் தூரமில்லை.

சட்டப் புத்தகத்தில் மட்டும் இன்னும் ஒரு இடைவெளி இருக்கிறது. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏழாக இருந்த வகைகளை 21 ஆக்கியது. எழுத்துக் குழப்பம், கணக்குக் குழப்பம் எல்லாம் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற வகையில் உள்ளே வந்தன. அந்தச் சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகை கேட்கலாம். ஏ.டி.ஹெச்.டி. அந்த 21-ல் இல்லை. கூடவே கற்றல் குறைபாடும் இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அந்தத் தலைப்பின் கீழ் கேட்கலாம். கவனமும் செயல்நினைவும் மட்டும் குறைந்த பிள்ளைக்கு, பத்தாம் வகுப்பு ஹாலில் மற்ற எல்லோருக்கும் உள்ள அதே மூன்று மணி நேரம்தான்.